பாண்ட் கமிட்டியில் கையைத் தூக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில், வளைகுடாப் பகுதியில் இருக்கிறோம். எங்கள் பள்ளி மாவட்டத்தின் பாண்ட் (பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திரம்) கண்காணிப்புக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். நாற்பது பக்கச் செலவுப் பட்டியலைக் கூட்டத்தன்றுதான் கையில் தருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் 'அப்ரூவ்' என்று எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். போன தடவை பட்டியலில் அலுவலக ஊழியர் சம்பளமும் க்ரோம்புக் வாங்கிய செலவும் இருந்தன. இது எப்படி என்று கேட்டேன். "அது உங்கள் குழுவின் வேலை இல்லை" என்றார்கள். ஆண்டறிக்கையையும் அவர்களே எழுதி, எங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். நான் கணக்கு படித்தவள் இல்லை, மென்பொருள் டெஸ்டிங் வேலை. "பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல எதுக்குப் பகை?" என்கிறார் கணவர். கிரீன் கார்டில் இருப்பவர் இந்தக் குழுவில் இருக்கலாமா என்று ஒருவர் வேறு கிளப்பிவிட்டார். பேசாமல் விலகிவிடலாமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விலக வேண்டாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் செலவுப் பட்டியலுக்குக் கையைத் தூக்கவும் வேண்டாம். அதை அங்கீகரிக்கும் அதிகாரமே உங்கள் குழுவுக்குக் கிடையாது. செலவுக்கு ஒப்புதல் தருவது தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியத்தின் பொறுப்பு. இல்லாத அதிகாரத்தை உங்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்வதில் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. நாளைக்கு ஏதாவது கிளம்பினால், "பெற்றோரும் வரி செலுத்துவோரும் உட்கார்ந்து பார்த்து ஓகே சொன்ன கணக்கு இது" என்று உங்களைக் காட்டலாம். பள்ளி மாவட்டங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வதே என் தொழில் என்பதால் சொல்கிறேன், பெரும்பாலும் இதில் சதி எதுவும் இருக்காது. வழக்கமாக அப்படித்தான் நடந்துவருகிறது, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கூட்டக் குறிப்பில் "பட்டியலைப் பெற்றுக்கொண்டோம், பார்வையிட்டோம்" என்று எழுதச் சொல்லுங்கள். 'அப்ரூவ்' என்ற சொல் வேண்டாம்.

இந்தக் குழு எதற்காக வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 2000 நவம்பர் வரை கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் பத்திரம் வெளியிட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ராப் 39 என்ற திருத்தம் அதை 55 சதவீதமாகக் குறைத்தது. குறைத்ததற்கு ஈடாக மக்களுக்குச் சில உறுதிகள் தரப்பட்டன. பணம் கட்டடம் கட்ட, புதுப்பிக்க, அதற்கான தளவாடமும் கருவியும் வாங்க, நிலம் வாங்க மட்டுமே. ஆசிரியர் சம்பளம், நிர்வாகச் சம்பளம், அன்றாடப் பள்ளிச் செலவு எதற்கும் கூடாது. என்னென்ன வேலை என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே காட்ட வேண்டும். பணம் தீரும்வரை ஆண்டுதோறும் இரண்டு தணிக்கைகள், ஒன்று நிதித் தணிக்கை, இன்னொன்று பணம் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டுமே போனதா என்று பார்க்கும் செயல்பாட்டுத் தணிக்கை. இவை மாநில அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. கூடவே கல்விச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் குழு ஒன்றையும் கட்டாயமாக்கினார்கள். தொழில் வட்டாரத்தில் ஒருவர், மூத்தோர் அமைப்பில் ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்தில் ஒருவர், பெற்றோர் இருவர், மீதி யாராகவும் இருக்கலாம். மாவட்ட ஊழியரோ அங்கே கான்ட்ராக்ட் எடுத்தவரோ இருக்கக் கூடாது. குழுவின் வேலை, செலவைத் தீவிரமாகப் பரிசீலித்துப் பொதுமக்களுக்குத் தெரிவிப்பது.

ஆக, "உங்கள் வேலை இல்லை" என்று சொன்னவர் பாதி சரி. எந்தப் பள்ளிக்கு முதலில் ஜிம் கட்டுவது, எந்தக் கட்டடக் கலைஞரை வைப்பது, இதெல்லாம் வாரியத்தின் முடிவு. அதில் மூக்கை நுழைத்தால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் மரியாதை போய்விடும். ஆனால் ஒரு டாலர் அனுமதிக்கப்பட்ட காரியத்துக்குப் போனதா இல்லையா என்று கேட்பதற்குத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். சம்பளம் பற்றிய உங்கள் கேள்வி அச்சு அசலாகச் சட்டத்தில் இருக்கும் கேள்வி.

அந்தச் சம்பளத்துக்கு வருவோம். பார்த்ததும் திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004-ல் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு கருத்துரை கொடுத்தார். மாவட்ட ஊழியர் ஒருவர் பாண்ட் கட்டுமானங்களை மேற்பார்வை செய்கிறார் என்றால், அந்த வேலைக்கான அளவுக்கு அவர் சம்பளத்தைப் பாண்ட் பணத்தில் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 'அந்த அளவுக்கு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் காலையில் கட்டுமானக் கூட்டத்துக்குப் போய்விட்டு, மதியம் வேறொரு பள்ளியில் ஒழுகும் குழாயைப் பார்க்கிறார் என்றால், குழாய் பார்த்த நேரம் மாவட்டத்தின் அன்றாடச் செலவுக்கான பொது நிதியில் போக வேண்டும். பல இடங்களில் நூறு சதவீதமும் பாண்டில் எழுதிவிடுவார்கள், பொது நிதியில் எப்போதும் கை இறுக்கம் என்பதால். கேட்க வேண்டியது இதுதான்: பாண்ட் நிதியில் சம்பளம் பெறுவோர் எத்தனை பேர், எந்தப் பதவி, எத்தனை சதவீதம், அந்தச் சதவீதத்துக்கு நேரப் பதிவேடு இருக்கிறதா? பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

க்ரோம்புக் கொஞ்சம் வேறு விஷயம். கருவிகள் வாங்குவது சட்டப்படி சரி, திட்டப் பட்டியலில் இருந்தால். ஆனால் நாலைந்து வருடம் ஓடும் பெட்டியை இருபத்தைந்து வருடம் வட்டி கட்டும் கடனில் வாங்குவது புத்திசாலித்தனமா என்பது தனிக் கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013 ஜூனில் மாணவர்களுக்கு ஐபேட் வாங்க முதல் கட்டமாக 30 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது, பாண்ட் பணத்தில். அந்த இலையுதிர் காலத்திலேயே பிள்ளைகள் ஐபேடில் போட்டிருந்த மென்பொருள் பூட்டுகளை உடைத்து வேண்டிய இணையதளங்களுக்குப் போய்விட்டார்கள். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, டிசம்பரில் எஃப்பிஐ வந்து கோப்புகளை அள்ளிக்கொண்டு போனது. உங்கள் மாவட்டம் அப்படி என்று நான் சொல்லவில்லை. பாண்டைத் தவணை தவணையாகத்தான் வெளியிடுவார்கள்; க்ரோம்புக்குக்கான பணம் எந்தத் தவணைப் பத்திரத்திலிருந்து வந்தது, அந்தத் தவணை எத்தனை வருடக் கடன் என்று மட்டும் கேளுங்கள். கருவிகளுக்கென்று தனியாகக் குறுகிய காலக் கடன் எடுக்கும் மாவட்டங்கள் உண்டு. உங்களுடையது அப்படியானால் நல்ல விஷயம், அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு காகிதத்தைத் தேடி எடுங்கள். வாக்கெடுப்பின்போது வீட்டுக்கு வந்த வாக்காளர் கையேட்டில் உங்கள் மெஷரின், அதாவது வாக்குக்கு விட்ட பாண்ட் தீர்மானத்தின் முழு உரை இருக்கும், அதற்குள் திட்டப் பட்டியல் இருக்கும். உங்கள் டெஸ்டிங் வேலையில் முதலில் ஸ்பெக்கைத்தானே எடுத்து வைப்பீர்கள்? இங்கே ஸ்பெக் அதுதான். பட்டியல் பொதுப்படையாகத்தான் இருக்கும், "வகுப்பறைகளைப் புதுப்பித்தல், மேம்படுத்தல்" என்று கடல்போல் விரிந்து கிடக்கும். ஆனாலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. சான் டியேகோவில் 2008-ல் 2.1 பில்லியன் டாலருக்கு ப்ராப் எஸ் என்ற பள்ளி பாண்ட் நிறைவேறியது. அந்தப் பணத்தில் ஹூவர் ஹைஸ்கூல் கால்பந்து மைதானத்துக்கு ராட்சத விளக்குகள் போட மாவட்டம் கிளம்பியது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். ஹூவர் பள்ளிக்கான பட்டியலில் மைதான விளக்கு இல்லை, ஆகவே இந்தப் பணத்தில் போட முடியாது என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியலை யாரோ வரிக்கு வரி படித்ததால் வந்த தீர்ப்பு அது.

இனி அந்த நாற்பது பக்கம். வரிசையாக எல்லாவற்றையும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். நான் முதலில் பார்ப்பது 'பட்ஜெட்' என்ற ஒரே ஒரு நெடுவரிசையை. உதாரணத்துக்கு ஒரு நூலகம். முதல் அறிக்கையில் பட்ஜெட் 8 மில்லியன், ஆறு மாதம் கழித்து 9.4, அடுத்த வருடம் 11.2. ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசி நெடுவரிசையில் 'வித்தியாசம்: 0' என்று சுத்தமாக இருக்கும். செலவு கூடும்போதெல்லாம் பட்ஜெட்டையே திருத்திவிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, திருத்தத்தை வாரியம் எங்கோ ஒரு கூட்டத்தில் ஏற்றிருக்கும். ஆனால் 3.2 மில்லியன் எங்கிருந்து வந்தது, அதனால் எந்தப் பள்ளியின் வேலை பின்னுக்குப் போனது என்பது அந்தத் தாளில் இருக்காது. பாண்ட் தொகை ஒன்றுதான், ஓரிடத்தில் வீங்கினால் இன்னோரிடத்தில் வற்றியாக வேண்டும். எனவே கேட்டு வாங்குங்கள்: முதன்முதலில் அறிவித்த பட்ஜெட் ஒரு நெடுவரிசை, இன்றைய பட்ஜெட் ஒரு நெடுவரிசை, ஒப்பந்தமாகிவிட்ட தொகை, செலவான தொகை, கைவிட்ட அல்லது தள்ளிவைத்த திட்டங்கள் தனியாக. ஒரே பக்கத்தில் அடங்கும். பழைய அறிக்கைகளை வைத்து நீங்களே ஒரு எக்செல் தாளில் போட்டும் பார்க்கலாம். அவர்கள் தர மறுத்தாலும் பழைய அறிக்கைகள் பொது ஆவணங்கள், குழு பெற்ற எல்லாமே இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இரண்டாவதாக சேஞ்ச் ஆர்டர்கள். வேலை தொடங்கிய பிறகு ஒப்பந்தக்காரருக்குக் கூடுதலாகக் கொடுப்பது. பழைய பள்ளிச் சுவரை உடைத்தால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், மண்ணைத் தோண்டினால் யாருக்கும் தெரியாத குழாய் ஓடும், இதெல்லாம் நடக்கிறதுதான். பொதுவாக மூல ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை மறுபடி டெண்டர் விடாமல் கூட்டலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. 6 மில்லியன் ஒப்பந்தத்தில் 6 லட்சம் டாலர். திட்டத்துக்குத் திட்டம் ஒன்பதே முக்கால் சதவீதத்தில் வந்து நிற்கிறது என்றால் ஒருமுறை நிமிர்ந்து உட்கார வேண்டியதுதான். மொத்தத் தொகையைவிடக் காரணம் முக்கியம். எதிர்பாராதது எவ்வளவு, மாவட்டமே நடுவில் மனம் மாறிக் கேட்டது எவ்வளவு, வரைபடத்தில் இருந்த பிழையால் வந்தது எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது வகை என்றால் கூடவே ஒரு கேள்வி, கட்டடக் கலைஞரிடமிருந்து அதைத் திரும்பப் பெற முயன்றீர்களா? இந்தக் கேள்விக்குப் பிறகு அறையில் பெரும்பாலும் ஒரு அமைதி நிலவும்.

கட்டி முடித்த பள்ளிகளைப் பற்றி ஒரே வரி. 1933 லாங் பீச் நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த ஃபீல்ட் சட்டத்தின்படி பள்ளிக் கட்டடங்களுக்கு மாநிலக் கட்டடக் கலைஞர் பிரிவின் அனுமதியும், முடிந்த பிறகு இறுதிச் சான்றும் வேண்டும். ரிப்பன் வெட்டிப் பல வருடமாகியும் காகிதம் முடியாத கட்டடங்கள் உண்டு, எனவே 'முடிந்தது' என்று போட்டிருக்கும் திட்டங்களுக்குச் சான்று வந்ததா என்று கேட்டு வையுங்கள்.

தணிக்கை அறிக்கைக்கு வருகிறேன், என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். செயல்பாட்டுத் தணிக்கை என்ற பெயரில் வரும் பல அறிக்கைகள் நாலு பக்கம்தான். சில இன்வாய்ஸ்களை எடுத்துப் பார்த்தோம், எல்லாம் திட்டப் பட்டியலுக்கு உட்பட்டவை, குறை எதுவும் இல்லை, நன்றி வணக்கம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. இன்வாய்ஸ்களில் ஒன்றைப்போல் மற்றொன்று வேகாது. ஆடிட்டரைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். எத்தனை பரிவர்த்தனைகளைப் பார்த்தீர்கள், டாலர் கணக்கில் மொத்தச் செலவில் அது எத்தனை சதவீதம், தேர்ந்தெடுத்தது நீங்களா அல்லது மாவட்டம் எடுத்துக் கொடுத்ததா, சம்பளப் பதிவுகளையும் சேஞ்ச் ஆர்டர்களையும் தொட்டீர்களா என்று கேளுங்கள். நல்ல ஆடிட்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எங்களை நியமிப்பதும் சம்பளம் தருவதும் மாவட்டம் என்பதால், வெளியிலிருந்து ஒருவர் அழுத்திக் கேட்டால் எங்களுக்கும் இன்னும் ஆழமாகப் பார்க்க ஒரு சாக்கு கிடைக்கும். இரண்டு தணிக்கைகளும் மார்ச் 31-க்குள் உங்கள் குழுவுக்கு வந்தாக வேண்டும். அவற்றில் குறை சொல்லப்பட்டிருந்தால் மூன்று மாதத்துக்குள் வாரியம் பதில் தர வேண்டும்.

ஆண்டறிக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அது. மாவட்டம் எழுதிய அறிக்கையில் குழு கையெழுத்துப் போட்டால், கண்காணிக்கப்படுபவரே தனக்கு நற்சான்று எழுதிக்கொண்டதாக ஆகிறது. பளபளவென்று படம் போட வேண்டாம். என்ன கேட்டோம், எந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது, எதற்கு இன்னும் வரவில்லை. இரண்டு பக்கம் போதும். மற்ற ஆறு பேரும் சம்மதிக்கவில்லை என்றால் உங்கள் மாற்றுக் கருத்தைக் கூட்டத்தில் வாசித்துக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். தட்டச்சு செய்ய, இணையதளத்தில் போட, மக்களுக்குத் தெரிவிக்க ஆகும் உதவியை மாவட்டம்தான் தர வேண்டும், அதுவும் பாண்ட் பணத்தைத் தொடாமல். பயிற்சியும் கேளுங்கள். இந்தக் குழுக்களுக்குச் சரியான பயிற்சி வேண்டும் என்பதை மாநில அரசின் செயல்பாட்டை ஆராயும் லிட்டில் ஹூவர் கமிஷனே 2017-ல் வலியுறுத்தியது.

ஓர் எச்சரிக்கை. குழு உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள்! நம்மாட்களுக்கு முதலில் கை போவது அங்கேதான். ஏழு பேரில் நாலு பேர் கூட்டத்துக்கு வெளியே இந்த விஷயங்களைப் பேசினால், ஒருவர் சொல்லி இன்னொருவருக்கு என்று சுற்றிப் போனாலும், பொது அமைப்புகளின் கூட்டம் எல்லோரும் பார்க்கத் திறந்து நடக்க வேண்டும் என்கிற ப்ரௌன் சட்டத்தை மீறியதாக ஆகலாம். கேள்வி கேட்கிற நீங்கள்தான் முதலில் மாட்டுவீர்கள். ஒரே ஒரு சக உறுப்பினருடன் காபி குடித்துக்கொண்டு பேசுவதில் தவறில்லை. அதே சட்டம் உங்களுக்கு உதவவும் செய்கிறது. வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன் வெளியாக வேண்டும். அத்துடன் செலவுப் பட்டியலும் ஒரு வாரம் முன்னதாக வேண்டும் என்று தலைவருக்கு எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தன்று வந்த தாளை அன்றைக்கே விவாதிக்க முடியாது, அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கிரீன் கார்டு பற்றிக் கவலை வேண்டாம். 2020 முதல் கலிஃபோர்னியாவில் நியமனப் பதவிகளுக்கு 18 வயதும் மாநிலத்தில் வசிப்பதும் போதும், குடியுரிமை பார்ப்பதில்லை. கிளப்பிவிட்டவர் உங்கள் கேள்விகளால் சங்கடப்பட்டவராக இருக்கலாம்.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. பள்ளியோடு தினமும் முகம் கொடுத்துப் பழக வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் குற்றச்சாட்டாக எதையும் வைக்காதீர்கள் என்கிறேன். 'ஏன் திருடினீர்கள்' என்பதற்கும் 'இதற்கான ஆவணம் எந்தக் கோப்பில் இருக்கிறது' என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. இரண்டாவதைக் கேட்டதற்காக ஆசிரியர் யாரும் பிள்ளையை முறைக்க மாட்டார். சொல்லப்போனால் வகுப்பறையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் இதே கேள்வி மனதில் இருக்கும். கணவரிடம் இன்னொரு கணக்கையும் காட்டுங்கள். உங்களுடையது யூனிஃபைட் மாவட்டம் (தொடக்கப் பள்ளி முதல் ஹைஸ்கூல் வரை ஒரே மாவட்டம்) என்றால், ஒரு மெஷருக்காக வாக்கெடுப்பில் கணித்துக் காட்டும் வரி, மதிப்பிட்ட சொத்தில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 60 டாலர் வரை போகலாம். 15 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு 900 டாலர். மூத்தவன் கல்லூரி முடித்த பிறகும் அது வரி பில்லில் வந்துகொண்டுதான் இருக்கும்.

கேட்டும் பதில் வரவில்லை என்றால் வழிகள் இருக்கின்றன. பொது ஆவணச் சட்டத்தில் ஒரு குடியிருப்பாளராக மனு கொடுக்கலாம், தருகிறோமா இல்லையா என்று பொதுவாகப் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளூர் அரசு அமைப்புகளை விசாரிக்கும் குடிமக்கள் குழுவான சிவில் கிராண்ட் ஜூரி இருக்கிறது, அதற்கு ரகசியமாகப் புகார் எழுதலாம், காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். நீதிமன்றம் கடைசி, உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அது வெகு தூரத்தில் இருக்கிறது.

இந்த வாரமே தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்ற உறுப்பினர்களை சிசி-யில் போடாமல், மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும் நகல். பாண்டில் சம்பளம் பெறும் பதவிகள், சதவீதம், நேரப் பதிவேடு. க்ரோம்புக் எந்தத் தவணைப் பத்திரத்தில் வாங்கியது. எல்லாத் திட்டங்களுக்கும் முதல் பட்ஜெட்டும் இன்றைய பட்ஜெட்டும். மூன்றும் அடுத்த அஜெண்டாவில் தனித்தனி எண்ணோடு இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள், அந்தப் பட்ஜெட் தாள் வந்தால் சேர்ந்தே பார்ப்போம்.